பாத்து மாமா 'பார்' பார்க்கப் போன கதை

இலங்கை மலைநாட்டு வீரர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பயந்தாங்கொள்ளியைப் பற்றி. கொத்மலையில் தொடங்கி உடப்புசல்லாவை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அவருக்கு இணை கிடைக்காது. அவர் பயந்த அளவுக்கு இதுவரை யாரும் பயந்ததில்லை. இனிமேல் யாராவது பயந்தால் அது அவரைப் பார்த்துக் காப்பியடித்ததாகத்தான் இருக்கும்.

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருக்குப் பாத்து மாமா என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் "பாத்து" என்று தொடங்குகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நடந்தால் "பாத்து, வழுக்கும்." உட்கார்ந்தால் "பாத்து, பலகை ஆடுது." சோற்றைப் பிசைந்தால் "பாத்து, கல்லு கெடக்கும்." தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோன நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, பாத்து!" மாப்பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா இன்றுவரைக்கும் மாமாவோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்த வேலை என்ன தெரியுமா? வாச்சர். விறகுக்காக வளர்த்த டர்பன்டைன் காட்டுக்குக் காவல். டர்பன்டைன் என்று நாங்கள் சொல்வது யூகலிப்டஸ் மரத்தை. ஒருநாள் ஒருவன் மரத்தில் ஏறிக் களவாகக் கிளை வெட்டிக்கொண்டிருந்தான். மாமா போய்க் கீழே நின்றார். மேலே இருந்தவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "பாத்து தம்பி, அந்தக் கிளை பட்டது, கால வச்சிராதீங்க. இந்தப் பக்கமா எறங்குங்க" என்று மாமா வழி சொல்லி இறக்கினார். அதோடு விட்டாரா? கட்டு தளர்ந்திருக்கிறது, வழியில் அவிழ்ந்து காலில் விழுந்துவிடும் என்று விறகைத் தானே இறுக்கிக் கட்டி, அவன் தலையில் தூக்கியும் வைத்திருக்கிறார். பிறகு தோட்டத்து மேற்பார்வையாளர், எங்கள் கண்டாக்கு ஐயா, விசாரணை வைத்தபோது மாமாவுக்காகப் பரிந்து பேச வந்த ஒரே ஆள் அந்தத் திருடன்தான்.

நான் அவருக்குப் பக்கத்துக் காம்பரா. அப்போது தலவாக்கலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். நான் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "பாத்து தம்பி" என்று வரும். எப்படி ஐயா பார்த்துத் தும்முவது?

சில வருஷங்களுக்கு முன்னால், பெருமழை தொடங்கப்போகிற சமயம், லயத்துக்கு மேலே மேட்டில் நின்ற ஒரு டர்பன்டைன் மரம் காற்றில் சாய்ந்தது. இடி விழுந்து பட்டுப்போய், நின்ற இடத்திலேயே நன்றாகக் காய்ந்திருந்த மரம். எங்கள் நல்ல காலம், கூரை மேல் விழாமல் மேட்டில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. கண்டாக்கு ஐயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே வெட்டி எடுத்துக்கலாம். இல்லாட்டி திங்கக்கிழமை பெக்டரி லொறி வந்து ஏத்திரும்."

மழைக்கு முன்னால் காய்ந்த விறகு கிடைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. மழை பிடித்துவிட்டால் ஊதி ஊதி நெஞ்சு வலிக்கும். அடுப்பு மட்டும் எரியாது. மாமாவுக்கோ அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அவருடைய ஒரே மகள் சாந்தி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது.

"பச்சப் புள்ளைக்கு சுடுதண்ணி வேணும் தம்பி. துணி காய வைக்கணும். இந்தக் குளுருல ஈர வெறக வச்சு ஊதிக்கிட்டு இருந்தா பொகையில புள்ளைக்கு மூச்சு முட்டிரும்" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் நடுங்கியது. வழக்கமான நடுக்கம்தான் என்றாலும் அன்றைக்கு நானே கோடரியைத் தேடி எடுத்தேன்.

கோடரி போட்டுப் பார்த்தோம். மரம் பட்டையை மட்டும் கொஞ்சம் தந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் கூடி, லயத்துக்குப் பொதுவாக மரம் அரிகிற செயின்சோ மெசின் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். மெசினுக்கு அரசாங்கத்தில் செய்யவேண்டிய பதிவைக் கோயில் தலைவர் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. யாரைக் கடைக்கு அனுப்புவது என்று வந்தபோது தலைவரே சொன்னார்: "பாத்து மாமாவ அனுப்புவோம். அவர யாரும் ஏமாத்த ஏலாது. அவருதான் எதையுமே நம்ப மாட்டாரே!" எல்லோரும் கைதட்டினார்கள். எதையும் நம்பாதவர் எதையும் வாங்கவும் மாட்டார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துணைக்கு என்னைப் போகச் சொன்னார்கள். கையில் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

காலையில் மரத்தை அளக்க நான் டேப் கொண்டுபோனேன்.

"டேப் வேணாம் தம்பி. டேப்பு வளையும்" என்றார் மாமா. பிறகு மரத்தை இரண்டு கையாலும் ஆசையாகக் கட்டிப்பிடித்தார். மெதுவாக விடுவித்துக்கொண்டார். கைகள் மட்டும் வளையமாக அப்படியே நின்றன. "பாத்து, மேல மோதிறாதீங்க, அளவு கலைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே ரோட்டுக்கு இறங்கினார். பஸ்ஸிலும் அதே வளையத்தோடுதான் நின்றார். டிக்கெட்டுக்குச் சில்லறையை அவர் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்துக்கொடுத்தேன். ஒரு வளைவில் பஸ் ஆட, காய்கறி விற்கிற மரக்கறிக்காரர் ஒருவர் நேராக அந்த வளையத்துக்குள் வந்து விழுந்தார். மாமா கையை அகட்டவில்லை. ஹட்டன் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே வந்தார்கள்.

ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "கைய எறக்குங்க மாமா, பயமா இரிக்கி" என்றார். விஷயத்தை நான் சொன்ன பிறகு, டேப்பை எடுத்து மாமாவின் வளையத்தை அளந்தார். "ரெண்டடிக்குக் கிட்ட வருது."

"வழியில ஒரு ஆளு விழுந்துட்டாரு நானா. கொஞ்சம் கூடக்கொறைய இருக்கும்" என்றார் மாமா கவலையோடு.

"என்ன மரம்?"

"டர்பன்டைன். காஞ்சது."

"காஞ்ச டர்பன்டைன் கல்லு மாதிரி. பெற்றோல்ல ஓடுற மெசின்தான் எடுக்கணும்."

"கரண்ட்ல ஓடுறது சத்தம் கொறவுன்னு சொல்றாங்களே?"

"கொறவுதான். மேட்டுக்கு வயர் இழுப்பீங்களா?"

எங்கள் லயத்தில் இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் மற்ற எல்லா வீட்டு பல்பும் சிவந்துபோகும். மழை, வயர், மேடு என்று மாமா மனசுக்குள்ளேயே எல்லோரையும் ஷொக் அடிக்க வைத்துவிட்டு, "வேணாம், வேணாம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பேட்டரியில் ஓடுவது ஒன்று இருந்தது. இந்த மரத்துக்கு அது பல்லுக் குத்தத்தான் உதவும் என்றார் நானா.

கடைசியில் பெற்றோல் மெசின் மூன்று மேசைக்கு வந்தன. சிறிசு, நடுத்தரம், பெரிசு. சங்கிலி சுற்றி ஓடுகிறதே ஒரு நீளத் தகடு, அதற்குப் பார் என்று பெயர். நானா பொறுமையாக விளக்கினார்: "பார் பெருசுண்டா ஒரே தடவைல அரியலாம். ஆனா மெசின் பாரம், கை நடுங்கும். பார் சின்னதுண்டா ரெண்டு பக்கமும் மாறி மாறி அரியணும். ஓங்களுக்கு நடுவுல உள்ளது சரி."

காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். மாமா அப்போதுதான் தொடங்கினார்.

"இது திருப்பி அடிக்குமா நானா?"

"பார் நுனியால மரத்தத் தொட்டா அடிக்கும். அதுக்குத்தான் முன்னால பிரேக் ஈக்கிது."

"பிரேக் இருக்கா? அப்ப ஹோர்னும் இருக்குங்களா?"

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "பெற்றோல் ஊத்தக்குள்ள டூ-டீ கலக்க மறக்க வேணாம்" என்று எண்ணெய்ப் போத்தலை எடுக்கத் திரும்பினார் நானா. "ரெண்டு டீ எதுக்கு நானா, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார் மாமா மரியாதையாக.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மெசினையும் முடுக்கிக் காட்டச் சொல்வார். அது கத்தியதும் இரண்டடி பின்னால் போய், "இது வேணாம், அடுத்தது" என்பார். மூன்றும் முடிந்ததும் மறுபடி முதலாவது. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு மரம் அரியாவிட்டால் மறுநாள் லொறி. எனக்கு நகம் கடிக்கிற பழக்கம் கிடையாது, அன்றைக்குப் பழகிக்கொண்டேன்.

அப்போது மாமாவின் போன் அடித்தது. செல்லம்மா அத்தை, அவர் மனைவி. சிக்னல் சரியில்லை. மாமா கடை வாசலில் நின்று கத்தினார்.

"செல்லம்மா, ஹட்டன்லதான் இருக்கேன்... பார்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்... ஆமா, பார்! காலையிலேருந்து பாக்குறேன், மனசு நெறையல... பெருசுக்குப் போனா கை நடுங்கும்ங்கிறாரு. சின்னதுன்னா ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போகணுமாம்... தம்பியும் கூடத்தான் இருக்காரு. அவருக்கு நடுவுல உள்ளது புடிச்சிருச்சு... ஹலோ? ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "கட்டாயிருச்சு தம்பி. செல்லம்மா ஒன்னும் பேசல. மூச்சு மட்டும் விட்டுச்சு."

அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த பஸ் வந்தபோது தெரிந்தது. சாந்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அத்தை நேராக ஹட்டனுக்கு வந்துவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டவுனில் இருந்த இரண்டு சாராய பாருக்குள்ளும் குடையோடு நுழைந்து, "எங்க அந்த மனுசன்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பாரில் நாலைந்து பேர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்களாம். ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுக் குரல் போலவே கேட்டிருக்கிறது. அங்கேயெல்லாம் தேடிக் காணாமல் திரும்பி வந்தவர், ஹார்ட்வெயார் வாசலில் எங்களைப் பார்த்துவிட்டார்.

"சாராய வாசன பட்டாலே தும்முற மனுசன், காலையிலேருந்து பார்ல நிக்கிறேன், கை நடுங்குதுன்னு சொல்றீங்க. புள்ளத்தாச்சிய விட்டுட்டு ஓடியாறேன்! வாத்தியாரு தம்பி, நீங்களுமா?"

நானா விஷயம் புரிந்து சிரித்த சிரிப்பில் பெயின்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தத் தகட்டைத் தொட்டுக்காட்டி, "இதுதான் அத்தை பார்" என்றேன். அத்தை அதை ஏற இறங்கப் பார்த்தார். குடை மெல்லக் கீழே இறங்கியது.

"சரி, அப்ப எத எடுக்கப் போறீங்க? மழை வருதுல்ல?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பதைப் போல மெதுவாகச் சொன்னார்: "எல்லாமே சத்தம் போடுது செல்லம்மா. வயித்துல இருக்கிற புள்ள பயந்துரும். சத்தம் போடாததா ஒன்னு இருக்குமான்னுதான் தேடுறேன்."

அவ்வளவு நேரமும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான், கடித்த நகங்களைக் காற்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டேன். நானா சிரிப்பை விட்டு எழுந்தார். "சத்தம் போடாத செயின்சோ நான் இன்னும் காணல்ல மாமா" என்றார், மிகவும் அன்பாக.

அத்தை மேசைக்குப் போனார். மூன்று மெசினையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கொழுந்துக் கூடை சுமந்த தோள் அல்லவா, இரண்டாவதைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. "இது தாங்கும். இத எடுங்க. சாந்தி வயித்துல ரெண்டு கம்பளிய சுத்திவிடுறேன், சத்தம் உள்ள போகாது."

அது நானா காலையில் சொன்ன அதே நடுத்தரம்தான். அவர் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரம் அரிய வந்தவர் கீழே கொலனியிலிருந்து சுனில். செயின்சோவில் கை பழகிய சிங்களவர். மாமா மேட்டிலிருந்த எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தார். அரிந்த கட்டை உருளாமல் ஒவ்வொன்றுக்கும் கீழே கல் அணை கொடுக்கச் சொன்னார். மேட்டுக்கு நேர் கீழே எங்கள் அடுப்படிகள், குசினிகள் இருந்தன. மெசின் உறுமியது, மாமா அதற்கு மேலே உறுமினார்: "பாத்து! பாத்து! சுனில், பாத்து!"

ஒவ்வொரு தடவையும் சுனில் குனிந்து நிமிர்ந்தார். எனக்கு ஏன் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மெசினை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மல்லி, இந்த மாமா என்னத்துக்கு எந்த நேரமும் 'பாத், பாத்' சொல்றது? குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு." சிங்களத்தில் "மல்லி" என்றால் தம்பி, "பாத் வெண்ட" என்றால் குனி என்று அர்த்தம்! நான் விளக்கிச் சொன்னேன். சுனில் விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு அவரும் மாமாவின் பேச்சைக் காதில் வாங்குவதை விட்டுவிட்டார். நாங்கள் எப்போதோ விட்டிருந்தோம்.

மத்தியானத்துக்குப் பிறகு தூறல் தொடங்கியது. பாதி மரம் இன்னும் கிடந்தது. விடிந்தால் லொறி. எல்லோரும் அவசரப்பட்டோம், கட்டைக்குக் கல் வைப்பது மெல்ல நின்றுபோனது. "கல்லு வைங்கப்பா, பாத்து" என்று மாமா ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தார். அவருடைய பாத்துவும் தூறல் சத்தமும் எங்கள் காதுக்கு ஒன்றாகிவிட்டன.

அடிமரத்தின் பெரிய துண்டு அரிந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து, வயிற்றில் இரண்டு கம்பளி சுற்றிக்கொண்டு, எங்களுக்குத் தேத்தண்ணிக் கேத்தலோடு சாந்தி குசினிக் கதவைத் திறந்து பின்பக்கம் வந்து நின்றாள். கட்டை சேற்றில் கொஞ்சம் புரண்டது. நின்றது. மறுபடியும் புரண்டது.

மாமா வாயைத் திறந்தார். என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியாதா?

"ஓடு!" என்றார் மாமா. "சாந்தி, ஓடு!"

நாங்கள் எல்லோரும் ஓடினோம். எதற்கு என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாயிலிருந்து வேறொரு சொல் வந்தால் உலகம் முடியப்போகிறது என்றுதான் அர்த்தம். சுனில் பிரேக்கைத் தட்டி மெசினைப் போட்டுவிட்டு ஓடினார். லயத்துக்குள் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு ஓடினார்கள். முக்கியமாக, நிறைமாத வயிற்றோடு சாந்தி ஓடினாள். கட்டை மேட்டில் குதித்துக் குதித்து இறங்கி, தண்ணீர் போகும் கானைத் தாண்டி, அவள் நின்ற இடத்தின் மேலாகப் போய், மாமாவின் குசினிச் சுவரை உடைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால் சாந்தி லயத்தின் கடைசியில் நிற்கிறாள். கையில் கேத்தல் அப்படியே இருக்கிறது. மாமா மேட்டிலிருந்து சறுக்கி, விழுந்து, சேறாக அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

"ஏண்டி, வயித்துப் புள்ளக்காரி இப்படியா ஓடுவ? பாத்து ஓடக்கூடாதா?"

சொல்லிவிட்டு அந்தக் கானுக்குள்ளேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அழுதது அவர் மட்டும் இல்லை. நானும்தான்.

பிறகு எல்லாக் கட்டைக்கும் கல் வைத்தோம். மாமா சொல்லாமலேயே வைத்தோம். குசினிக்குள் போன துண்டை வெளியே எடுக்க வழியில்லாததால் சுனில் அங்கேயே வைத்து அரிந்தார். எந்தச் சத்தம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமா ஒருநாள் முழுக்கக் கடையில் நின்றாரோ, அது அடுப்படியிலேயே கேட்டது. திங்கட்கிழமை வந்த லொறிக்கு மரத்தூள்தான் மிச்சம். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் கூரை தொடும் வரைக்கும் விறகு அடுக்கியாகிவிட்டது.

அடுத்த வாரம் கொட்டுகிற மழையில் சாந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுவரில் தகரம் அடித்த குசினியில் அடுப்பு சடசடவென்று எரிய, சுடுதண்ணீர் தயாராக இருந்தது. குழந்தை அழுத அழுகையில் செயின்சோ தோற்றுப்போகும். மாமா என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "புள்ள பயப்படவே இல்ல, பாத்தீங்களா தம்பி!"

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். மாமா அடிக்கடி போன் பண்ணுவார். மழை, விறகு, பேத்தி எல்லாம் சொல்லி, கடைசியில் "பாத்து தம்பி" என்றுதான் வைப்பார். போன வாரமும் பேசினார். நான் அப்போது பெயரில் மட்டும் காலியான காலி வீதியைக் கடப்பதற்காக வெள்ளவத்தையில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் பேத்தி போனைப் பிடுங்கி, எதையோ அழுத்திக் கட் பண்ணிவிட்டாள்.

அந்த நேரம் வீதி நிஜமாகவே காலியாகத்தான் இருந்தது. எனக்குக் கால் எழவில்லை. நின்ற இடத்திலேயே மாமாவுக்குத் திருப்பி போன் எடுத்தேன்.

"என்ன தம்பி, ஏதும் பிரச்சினையா?" என்றார் மாமா பதறிப்போய்.

"ஒன்னுமில்ல மாமா. ரோட்டக் கடக்கப் போறேன்."

"பாத்து தம்பி" என்றார்.

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் கடந்தேன்.